அம்மாவின் அழைப்புமணியும் ஒரு மென்பொருளும்

2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நண்பகல். மதுரையிலிருந்து பேருந்தில் வந்து கோவில்பட்டியில் இறங்கி, எங்கள் பழைய வீட்டின் வாசலில் நாற்பது நிமிடம் நின்றேன். கதவு உட்புறம் தாழிடப்பட்டிருந்தது. அழைப்புமணியை அழுத்தினேன், உள்ளே அது அலறுவது தெருவுக்கே கேட்டது. கதவைத் தட்டினேன். கைப்பேசியில் அழைத்தேன், அதன் ஒலியும் உள்ளிருந்து கேட்டது. அம்மா வரவில்லை.

அந்த நாற்பது நிமிடத்தில் என் மனம் எங்கெல்லாம் போய்வந்தது என்பதை எழுத விரும்பவில்லை. தனியாக இருக்கும் பெற்றோரைக் கொண்ட எவருக்கும் அது தெரியும். கடைசியில் பின்பக்கச் சுற்றுச்சுவரில் ஏறிக் குதித்தேன். (நாற்பத்து மூன்று வயதில், வேட்டியுடன்.) அம்மா அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். நான் மூன்று முறை கூப்பிட்டேன். நான்காவது முறை தோளைத் தொட்டபோது கீரை முழுவதும் சிதற எழுந்தவர், என்னைப் பார்த்ததும் சிரித்து, "எப்பய்யா வந்தே? கதவு தெறந்தா கெடந்துச்சு?" என்றார்.

பக்கத்து வீட்டுப் பெண்தான் அன்று மாலை சொன்னாள். "ஆச்சிக்கு ரெண்டு வருசமாவே கேக்கலியே மாமா. நீங்க போன் பண்ணா மட்டும் ஸ்பீக்கர்ல போட்டுக் காதுகிட்ட வச்சுக்கிடுவாங்க." எனக்குத் தெரியாமல் இரண்டு ஆண்டுகள். வாரம் இருமுறை தொலைபேசியில் பேசும் மகனுக்கு. என் கேள்விகளுக்கு அவர் சற்றே பொருந்தாத விடைகளைத் தருவதை நான் முதுமையின் நினைவுமறதி என்று எண்ணியிருந்தேன்.

காதுக்கருவி வாங்கினோம். அது ஒரு வாரம் காதிலும், பிறகு வெற்றிலைப் பெட்டியிலும் இருந்தது. "எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்து மண்டைக்குள்ள விழுது" என்றார். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு நா எழவில்லை. ஆனால் வாசலில் யாராவது வந்தால் அவருக்குத் தெரியவேண்டும். ஒலியால் இயலாதது ஒளியால் இயலும். பட்டாசாலையிலும் அடுப்படியிலும் புறவாசல் தாழ்வாரத்திலும் மூன்று விளக்குகள். வாசலில் பொத்தானை அழுத்தினால் அவை அரை நிமிடம் மின்னி மின்னி அணையவேண்டும். இவ்வளவுதான் தேவை. அதைக் கையாலேயே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அங்கிருந்துதான் தமிழிலக்கியம் கற்பிக்கும் ஒருவன் மின்சுற்றுப் பலகை வரையும் மென்பொருளைத் தேடிப் புறப்பட்ட கதை தொடங்குகிறது.

மின்சுற்று எனக்கு முற்றிலும் புதிதன்று. எங்கள் கல்லூரி இயற்பியல் துறையின் ஆய்வக உதவியாளர் எனக்கு நெடுநாள் நண்பர். மாலைகளில் அவருடைய மேசையில் அமர்ந்து சால்டரிங் பழகியிருக்கிறேன். 555 என்னும் எட்டுக் கால் சில்லு இரண்டைக் கொண்டு இதைச் செய்யலாம் என்று அவர்தான் சொன்னார். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஹான்ஸ் காமென்சிண்ட் 1971இல் வடிவமைத்த சில்லு அது. அரை நூற்றாண்டு கடந்தும் ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கேட்டவுடன் எடுத்துத் தருகிறார்கள். முதல் சில்லு காலத்தை அளக்கும். 270 கிலோ ஓம் மின்தடையும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைத்தால் ஏறத்தாழ 30 நொடி. அந்த முப்பது நொடிக்கு மட்டும் அது இரண்டாவது சில்லை விழித்திருக்கச் செய்யும். இரண்டாவது, நொடிக்கு ஏறக்குறைய இருமுறை, மாஸ்பெட் என்னும் திறன் டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும். அதன் வழியே விளக்குகள் எரியும்.

முதலில் வீட்டு மின்சாரத்திலேயே எரியும் விளக்குகளை ரிலே வைத்து இயக்க எண்ணியிருந்தேன். எங்கள் தெரு எலக்ட்ரீசியன் அதைக் கேட்டு முகம் சுளித்தார். "சார், எரநூத்தி முப்பது வோல்ட்ட இந்த அட்டைக்குள்ள கொண்டாராதீங்க. வீட்ல வயசானவங்க இருக்காங்க." அவர் சொன்னது சரி. செம்புக் கோடுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடவேண்டும், ஈரமும் தூசியும் படிந்தால் என்னவாகும் என்பதையெல்லாம் பிற்பாடு படித்தபோதுதான் எவ்வளவு எளிதாக ஒரு பேராபத்தை வரைய இருந்தேன் என்பது விளங்கியது. எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்குள் அடக்கிக்கொண்டேன். யுபிஎஸ் பெட்டிகளில் இருக்கும் சிறு மின்கலம் ஒன்று, எல்இடி பட்டைகள் மூன்று. மின்வெட்டிலும் வேலை செய்யும் என்பது கூடுதல் வசதி.

பிரெட்போர்டில் செருகிப் பார்த்தபோது முதல் நாளே மின்னியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிரெட்போர்டில் ஒரு கம்பி நழுவினால் போதும், அம்மா மறுபடி கதவுக்கு அப்பால் போய்விடுவார். பலகை வேண்டும், செம்புக் கோடுகளோடு, அசையாத ஒன்று.

இனி மென்பொருள். இதில் நான் பட்ட பாட்டைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் தொடங்குபவர் எவரும் முதலில் திகைத்து நிற்பது இங்கேதான்.

முதலில் கண்ணில் பட்டது ஃபிரிட்சிங். ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரப் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய திட்டம். திரையில் பிரெட்போர்டே படமாகத் தெரியும். அதில் உறுப்புகளைச் செருகலாம். குழந்தைகளின் படப் புத்தகம்போல மனத்துக்கு இதமானது. படம் அழகாக வந்தது. பலகையாக மாற்றும் பக்கத்துக்குப் போனதும் கோடுகள் என் கைக்கு அடங்கவில்லை. தொடக்க வகுப்புக்கு நல்ல ஆசிரியர். அதற்கு மேல் எனக்கு ஒத்துவரவில்லை.

நண்பர் ஈகிளைப் பரிந்துரைத்தார். அவர் பாலிடெக்னிக்கில் படித்தபோது பழகியது அது. 1988இல் காட்சாஃப்ட் என்னும் ஜெர்மன் நிறுவனம் வெளியிட்ட இம்மென்பொருள்தான் பொழுதுபோக்காளர்களின் நெடுங்காலத் துணை. பழைய பயிற்சிக் கட்டுரைகள் பலவும் ஈகிளை வைத்தே எழுதப்பட்டவை. அப்போது இலவசப் பதிப்பில் 80 சதுர சென்டிமீட்டர் பரப்புக்குள், இரண்டு அடுக்குக்குள் வரைந்துகொள்ள முடிந்தது. எனக்கு அது தாராளம். இரண்டு வாரம் உட்கார்ந்து பழகினேன். பிறகுதான் அதன் வரலாற்றைப் படித்தேன். 2009இல் ஒரு கைக்கும் 2016இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்கும் அது மாறியிருந்தது. 2017இல் சந்தா முறை வந்தது. 2023இல், 2026 ஜூன் 7 வரைக்குந்தான் ஈகிள் என்று நிறுவனமே அறிவித்திருந்தது. நான் அரிச்சுவடி பழகிக்கொண்டிருந்த மொழிக்கு இறுதி நாள் குறிக்கப்பட்டிருந்தது!

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஈகிள் அன்று; என் ஆய்வேடு. 2004இல் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டை மதுரையில் ஒரு டிடிபி கடையில் தட்டச்சு செய்வித்தேன். அந்தக் கடைக்காரர் வைத்திருந்தது ஏதோ ஒரு தனிக் குறியாக்க எழுத்துரு. ஒருங்குறி அப்போது இருந்தது. ஆனால் டிடிபி கடைகளின் வாசற்படியை அது இன்னும் மிதிக்கவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியாக்கம் என்றிருந்த காலம். கடை மூடப்பட்டது. எழுத்துரு காணாமற்போனது. குறுவட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் விசித்திரக் குறிகளுமாக நூற்றைம்பது பக்கங்கள். அதை எழுதியவன் நான். என்னாலேயே படிக்க முடியவில்லை. அச்சுப்படி ஒன்று நூலகத்தில் இருப்பதால் பிழைத்தேன்.

எனவே மென்பொருளைத் தேர்வதில் ஒரேயொரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்வதென்று தீர்மானித்தேன். பத்தாண்டு கழித்து, அந்த மென்பொருளே இல்லாமற்போனாலும், என் கோப்பைத் திறந்து படிக்க முடியுமா? மற்ற வசதிகளெல்லாம் இதற்குப் பின்னர்.

ஈஸிஈடிஏ என்பதும் பார்த்தேன். உலாவியிலேயே இயங்குவது, பழகுவதற்கு மிக எளிது, வரைந்த கையோடு பலகையைச் செய்து தருமாறு கேட்கும் வசதியும் உண்டு. அவசரக்காரர்களுக்கு அதைத்தான் சொல்வேன். எனக்கு இரு தடைகள். கோவில்பட்டி வீட்டில் இணையம் வருவதும் போவதும் அதன் விருப்பம். இன்னொன்று, என் சுவடி இன்னொருவர் வீட்டுப் பரணில் இருக்கவேண்டுமா என்ற எண்ணம்.

எஞ்சியது கீகேட். 1992இல் ஷான்-பியேர் ஷராஸ் என்பவர் தொடங்கியது. அவர் பிரான்சில் கிரனோபிள் நகரத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர். இந்தச் செய்தி எனக்குள் ஒருவிதப் பாசத்தை உண்டாக்கியதை மறைக்கப்போவதில்லை. பாடம் நடத்திவிட்டு வந்து, ஊதியத்துக்கு உட்படாத ஒரு வேலையைப் பல்லாண்டு விடாது செய்த இன்னொரு வாத்தியார். பின்னாளில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம், வலை பிறந்த அதே இடம், இதற்குக் கைகொடுத்தது. 2019இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் அரவணைப்புக்குள் வந்தது. விலையில்லை, பரப்பளவுக் கட்டுப்பாடில்லை, மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில்தான் எட்டாம் பதிப்பு வெளியாகியிருந்தது. ஒரு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு. கல்லூரியிலிருந்து தரவிறக்கி எடுத்துவந்தேன்.

நிறுவியவுடன் நான் செய்த முதல் வேலை வேடிக்கையானது. ஒரே ஒரு மின்தடையை வரைந்து, சேமித்து, அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தேன். அடைப்புக்குறிகளுக்குள் அடைப்புக்குறிகளாக, எளிய எழுத்துகளில் எல்லாம் தெரிந்தது. இந்த உறுப்பு, இந்த இடம், இந்த மதிப்பு. கண்ணால் படிக்க முடிந்தது. அன்றைக்கே கட்சி சேர்ந்துவிட்டேன்.

கற்றல் எளிதாக இருந்தது என்று சொன்னால் பொய். திரையின் மூன்று பக்கமும் சின்னச் சின்னப் படங்கள். எதை அழுத்தினால் எது நடக்கும் என்று தெரியாது. நான்கைந்து விசைகளை மனப்பாடம் செய்த பிறகுதான் மூச்சு வந்தது. உறுப்பைச் சேர்க்க ஒன்று, கம்பி இழுக்க ஒன்று, நகர்த்த ஒன்று, திருப்ப ஒன்று. முதலில் சுற்றுப்படம் வரையவேண்டும். அதில் உறுப்புகளுக்கு உருவமில்லை, குறியீடுதான். எது எதனோடு சேர்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். அடுத்து ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு காலடித்தடம் கொடுக்கவேண்டும். அந்த உறுப்பின் கால்கள் பலகையில் ஊன்றும் துளைகளின் வடிவம் அது. ஒரே மின்தேக்கிக் குறியீட்டுக்கு நூற்றுக்கணக்கான காலடித்தடங்கள் பட்டியலில் நிற்கும். கால்களுக்கிடையே 2.5 மில்லிமீட்டரா, 5 மில்லிமீட்டரா? உருளையின் விட்டம் என்ன? அளவுகோலை எடுத்துக் கையிலிருக்கும் பொருளை அளந்தாலொழிய விடை கிடைக்காது. மூன்றாவதாகத்தான் பலகை. அங்கே இணைக்கவேண்டிய கால்களுக்கிடையே மெல்லிய கோடுகள் தாறுமாறாகத் தெரியும். எலிவளை என்று அதற்குப் பெயர். அவற்றை ஒவ்வொன்றாகச் செம்புப் பாதைகளாக மாற்றவேண்டும், ஒன்றையொன்று வெட்டாமல்.

இந்த வெட்டாமல் செல்லும் வேலை இருக்கிறதே, அதுதான் என்னை அடிமைகொண்டது. ஒரு பக்கம் மட்டும் செம்புள்ள பலகை. இரண்டு பாதைகள் குறுக்கிட வழியில்லை. ஒரு மின்தடையைக் கொஞ்சம் தள்ளி, அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு பாதையை நுழைத்து, சில்லைத் தலைகீழாகத் திருப்பி... வெண்பாவில் ஈற்றடி வந்து அமரும்வரை சீர்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பவனுக்கு இந்த வேதனை புதிதன்று. விடைத்தாள் திருத்தவேண்டிய இரவுகளில் இரண்டு மணிவரை இதில் கழிந்தது.

வீட்டிலேயே செய்து பார்த்த முதல் பலகை. பளபளப்புத் தாளில் லேசர் அச்சுப்பொறியால் படத்தை அச்சிட்டு, செம்புப் பலகைமேல் கவிழ்த்து, இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தால் மை செம்புக்கு இடம்மாறும். பிறகு பெரிக் குளோரைடு கரைசலில் இட்டால், மை மூடாத செம்பெல்லாம் கரைந்துவிடும். (சிற்றிதழ்த் தாள் இதற்கு உதவாது. மனைவி வாங்கும் வார இதழின் அட்டை மிகச் சிறப்பாக வேலை செய்தது. இலக்கியத்தின் பயன்மதிப்பு குறித்து அன்று வீட்டில் ஒரு சொற்பொழிவு கேட்க நேர்ந்தது.) கரைசலிலிருந்து எடுத்தபோது கோடுகள் கூர்மையாக இருந்தன. ஆனால் எல்லாம் இடம் வலமாக மாறியிருந்தன. கவிழ்த்துத் தேய்க்கும்போது படம் ஒருமுறை திரும்பும் என்று அறிந்து, முன்னெச்சரிக்கையாக நானே ஒருமுறை திருப்பி அச்சிட்டிருந்தேன். அடிப்பக்கச் செம்பை மென்பொருள் மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோலவே காட்டுகிறது என்பது, அதாவது அது ஏற்கெனவே திரும்பித்தான் இருக்கிறது என்பது, எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பலகையைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோயிருந்தேன், குப்பையில் போட மனமில்லாமல். அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உங்கப்பா கட்டைல அடுக்குத எழுத்து மாதிரி இருக்கு" என்றார்.

அப்பா அச்சுக்கோப்பாளர். சிவகாசியிலும் பிறகு கோவில்பட்டியிலும் முப்பதாண்டு ஈய எழுத்துகளை அடுக்கியவர். தலைகீழாய், இடம் வலமாய்க் கிடக்கும் எழுத்துகளை நாம் நாளிதழ் படிக்கும் வேகத்தில் படிப்பார். கல்யாணப் பத்திரிகை, தேர்தல் துண்டறிக்கை, வாழைக்காய் மண்டிச் சீட்டு எல்லாம் அந்தக் கைவழியே வந்தவை. அவர் இருந்திருந்தால் என் தவற்றைத் தாளை அச்சிடும்போதே பிடித்திருப்பார்.

இதை ஒட்டிப் படிக்கப்போய் ஒரு செய்தி கிடைத்தது. அச்சிட்ட மின்சுற்றின் முன்னோடிகளுள் ஒருவர் பால் ஐஸ்லர். வியன்னாவில் 1907இல் பிறந்த யூதர். அச்சுத் தொழிலை அறிந்தவர். நாஜிகளின் நிழல் நீண்டபோது 1936இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். கம்பிகளைக் கையால் ஒட்டுவதற்கு மாறாக, படத்தை அச்சிட்டு உலோகத்தகட்டை அரித்தெடுக்கலாம் என்று ஒரு வானொலிப் பெட்டியையே அப்படிச் செய்து காட்டினார். நாம் வரைந்த பலகையை ஆலைக்கு அனுப்பும் கோப்பு வகைக்குக் கெர்பர் என்று பெயர். அது ஜோசப் கெர்பரின் பெயர். அவரும் வியன்னாவில் 1924இல் பிறந்த யூதர். 1940இல் தாயோடு அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர். இன்று உலகின் ஏறத்தாழ எல்லாக் கருவிகளுக்குள்ளும் இருக்கும் பச்சைப் பலகைக்குப் பின்னால், ஒரே நகரம் விரட்டிய இருவர் நிற்கிறார்கள். ஐஸ்லர் மறைந்த ஆண்டும் கீகேட் தொடங்கிய ஆண்டும் ஒன்று, 1992. இதற்குப் பொருளேதும் இல்லை. ஆனாலும் எழுதிவைக்கத் தோன்றியது.

இரண்டாவது பலகை திரும்பாமல் சரியாக வந்தது. உறுப்புகளைப் பற்றவைத்து, மின்கலத்தை இணைத்து, பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. சில நொடிகளில் ஒரு வாடை. 100 ஓம் மின்தடை ஒன்று பழுப்பேறிக்கொண்டிருந்தது. இணைப்பைப் பிடுங்கினேன்.

மூன்று வாரம் அந்தப் பிழையைத் தேடினேன். மென்பொருளில் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று சுற்றுப்படத்தின் இலக்கணத்தைப் பார்க்கும். மற்றொன்று பலகையில் பாதைகளின் அகலத்தையும் இடைவெளியையும் பார்க்கும். இரண்டிலும் பிழை பூச்சியம். தளை தட்டாத வெண்பா. ஆனாலும் புகைந்தது.

பிழை நான் தேர்ந்தெடுத்த குறியீட்டில் இருந்தது. மாஸ்பெட்டுக்கு மூன்று கால்கள்: கேட், டிரெயின், சோர்ஸ். கீகேட்டில் பொதுவான மாஸ்பெட் குறியீடுகள் பல உள்ளன. கால்களின் வரிசைதான் வேறுபடும். என் கையிலிருந்த ஐஆர்எஃப்இசட்44-இல் இடப்பக்கம் முதலில் கேட். நான் எடுத்திருந்த குறியீட்டில் முதலில் டிரெயின். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பெயரின் ஈற்றில் நிற்கும் மூன்று எழுத்துகளின் வரிசை மட்டுமே வேறு. விளைவு, கேட் இருக்கவேண்டிய இடத்தில் விளக்கின் கம்பி. டிரெயின் இருக்கவேண்டிய இடத்தில் சில்லின் வெளியீடு. விளக்கின் வழியே வந்த 12 வோல்ட் மாஸ்பெட்டை எப்போதும் திறந்தே வைத்தது. சில்லு வெளியிட்ட மின்சாரமெல்லாம் அந்த 100 ஓம் வழியே தரைக்கு ஓடியது. கேட் மின்சாரத்தை உண்ணாது; ஆகவே விளக்கு எரியவும் இல்லை. மென்பொருளுக்கு என் பெட்டியில் எந்தப் பொருள் இருக்கிறதென்று எப்படித் தெரியும்? நான் சொன்னதை நம்பியது.

தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு காலின் எண்ணையும் விரலால் தொட்டு ஒப்பிடும் வழக்கம் அன்றைக்கு வந்தது. இன்னொரு வழக்கம், பலகையை 1:1 அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, மெத்தென்ற அட்டைமேல் வைத்து, உறுப்புகளை அதில் குத்திப் பார்ப்பது. ஐந்து பைசாச் செலவில்லாத இந்தச் சோதனை, எனக்கு எந்தச் சோதனைக் கட்டளையையும்விட அதிகம் உதவியிருக்கிறது. புதிதாகத் தொடங்குவோர் இந்த இரண்டையும் முதல் நாளிலிருந்தே செய்யுங்கள். தானாகவே பாதை போட்டுத்தரும் கருவிகளைத் தேடாதீர்கள். முதல் நான்கைந்து பலகைகளையாவது கையால் இழுங்கள்.

இதற்குள் ஆகஸ்டு வந்துவிட்டது. என் மனைவி ஒருநாள் சாப்பாட்டு மேசையில், என் கண்ணைப் பாராமல் கேட்டாள். "அந்த எலக்ட்ரீசியன்கிட்டச் சொன்னா, இருக்கிற பெல் சுவிட்சிலேயே மூணு பல்பை மாட்டி ஒரு மணி நேரத்தில் முடிச்சிருப்பாரே. ஆறு மாசமா அத்தை கதவைத் திறக்காமத்தானே இருக்காங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. விளக்கு அரை நிமிடம் மின்னவேண்டும், மின்வெட்டில் இயங்கவேண்டும் என்றெல்லாம் ஏதோ சொன்னேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அதையன்று. அம்மாவிடம் "உங்களுக்குக் காது கேட்கவில்லை, இனி தனியாக இருக்கவேண்டாம், மதுரைக்கு வாருங்கள்" என்று எதிரே உட்கார்ந்து சொல்வதைக் காட்டிலும், கிரனோபிள் வாத்தியாரின் மென்பொருளைக் கற்பது எனக்கு எளிதாக இருந்திருக்கிறது. இரவு இரண்டு மணிவரை பாதை இழுத்தவன் எந்தப் பாதையைத் தவிர்த்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுவாரமே எலக்ட்ரீசியனை வைத்து அடுப்படியில் மட்டும் ஒரு பல்பு மாட்டினேன். அம்மாவிடம் பேசவும் செய்தேன். "இந்த வீட்ட விட்டு எங்கயும் வரமாட்டேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆறு மாதம் நான் அஞ்சிய உரையாடல் ஆறு நொடியில் முடிந்தது.

மூன்றாவது பலகையை வீட்டில் அரிக்காமல், ஆலையில் செய்யக் கொடுத்தேன். குறைந்தது ஐந்து பலகைகள் வாங்கவேண்டும் என்றார்கள். இந்த முறை ஓர் ஆசை. பலகைமேல் வெள்ளையில் அச்சிடும் எழுத்துகளைத் தமிழிலேயே வைப்பதென்று. 2023இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து, கணினியிலுள்ள எழுத்துருக்களைக் கீகேட் பலகையில் பயன்படுத்த விடுகிறது. நாளை நான் இல்லாத நேரத்தில் கம்பி கழன்றால், யார் வந்து பார்த்தாலும் எது எங்கே என்று தெரியவேண்டுமல்லவா? 'வாசல்', 'மின்கலம்', 'விளக்கு 1', 'விளக்கு 2', 'விளக்கு 3'. திரையில் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பலகைகள் வந்தன. பச்சை நிறம், கச்சிதமான விளிம்பு, ஒவ்வொரு துளையும் கண்ணாடிபோல. எழுத்துகளை உருப்பெருக்கியால் பார்த்தேன். 'வாசல' என்றிருந்தது. 'மினகலம', 'விளககு'. புள்ளிகளைக் காணவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் உயர எழுத்தில் மெய்யின்மேல் நிற்கும் புள்ளி, அந்த அச்சுமுறை தாங்கும் அளவைவிடச் சிறியது. ஓலைச்சுவடியில் புள்ளி வைத்தால் ஏடு கிழியுமென்று எழுதுவோர் அதை விட்டுவிடுவதுண்டு என்று இருபதாண்டாக வகுப்பில் சொல்லிவருகிறேன். படிப்பவர் இடம் நோக்கிப் புள்ளியைத் தாமே போட்டுக்கொள்ளவேண்டும் என்றும் சொல்வேன். என் பலகையும் ஒரு சுவடியாகிவிட்டது. எலக்ட்ரீசியன் தடுமாறாமல் படித்தார். "எழுத்துப் பிழை இருக்கு சார்" என்று மட்டும் சொன்னார், தமிழாசிரியரிடம் சொல்கிறோமே என்ற கூச்சத்துடன்.

செப்டம்பரில் மாட்டினோம். நான் வாசலில் நின்று பொத்தானை அழுத்தினேன். உள்ளே பக்கத்து வீட்டுப் பெண் "எரியுது, எரியுது" என்று கத்தினாள். அழுத்தினேன், மறுபடி அழுத்தினேன். கதவு திறந்தது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "எதுக்குய்யா இத்தன தடவ அமுக்குதே? நான் என்ன செவிடா?" என்றார்.

மீதி நான்கு பலகைகளில் ஒன்று இயற்பியல் துறை நண்பரின் தாயார் வீட்டுக்குப் போயிருக்கிறது. இன்னொன்று, இதே தேவையுள்ள ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு. இரவில் கண் மூடியிருக்கும்போது விளக்கால் பயனில்லை என்று அவர் சொன்னார், நியாயமான குறை. தலையணைக்கு அடியில் அதிரும் ஒரு சிறு மோட்டாரைச் சேர்க்கவேண்டும். அதற்கு இன்னொரு மாஸ்பெட் வேண்டும். கால் வரிசையை இருமுறை பார்த்துவிட்டேன். புள்ளிகளுக்காக எழுத்தின் உயரத்தை மூன்று மில்லிமீட்டராக்கியிருக்கிறேன். பலகையில் இடம் போதவில்லை, 'மின்கலம்' என்பதைச் செங்குத்தாகத் திருப்பவேண்டியிருக்கிறது.